சாப்பாட்டுக்கா, எல்லாத்துக்குமா?

அன்பின் அருவியே! அயராத அருந்தொண்டே! ‘உணர்வுகள்’ என்று பொருள்படும் பெயரைத் தாங்கி, அந்தப் பெயர் பொய்க்காமல் வாழ்ந்து காட்டி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அவாத்திஃப் சிஸ்டரே! வணக்கம்.

அலைவீசும் அலெக்சாந்திரியாவின் இம்மருத்துவமனைக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளைத் தந்தீர்கள். அவற்றில் கடைசி ஆறு எங்கள் பிரிவுக்கு. நலமுள்ளவர் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அவர் மலத்திலிருந்து பிரித்துக் குளிகையாக்கி, மனச்சோர்வில் வாடுவோருக்குக் கொடுத்துப் பார்க்கும் பிரிவு இது. சொன்னாலே மூக்கைப் பொத்துவோர் நடுவே முகம் சுளிக்காமல் நின்றவர் நீங்கள். கொடை தர வந்து கூசி நின்ற தேநீர்க்கடைக்காரரிடம், “ஊரே காலையில வீணாக்கிட்டுப் போறதை நீங்க ஒருத்தர்தான் தானமா தர்றீங்க. தலை நிமிர்ந்து வாங்க!” என்றீர்களே! அவர் அன்று முதல் ஒருமுறையும் தவறியதில்லை.

மனச்சோர்வோடு இங்கு வந்த படகுத் தச்சர் மெத்வல்லி, தம் பெயரைச் சொல்லலாம் என்று ஒப்பியதால் அவரைப் பற்றிச் சொல்கிறோம். முதல் நாளே உங்களிடம் சீறினார்.

“எவன் வயித்துலயோ கெடந்ததை நான் முழுங்கினா என் துக்கம் போயிருமாக்கா?”

“போயிரும்னு நான் சொன்னா நம்பாதீங்க. போகுதான்னு பாக்கத்தானே உக்காந்திருக்கோம். பழைய மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க.”

ஐந்தாம் வாரம் அவர் எங்கள் இளம் டாக்டர் ஹாஸிமிடம் சொன்னது இரண்டே சொல்: “நஃப்ஸி மஸ்தூதா.” உள்ளே அடைத்துக் கிடக்கிறது என்று பொருள். நம் ஊரில் பசி எடுக்காதவரும் அதைத்தான் சொல்வார். வாழப் பிடிக்காதவரும் அதைத்தான் சொல்வார். படிவத்தில் ‘வயிறு’ என்ற கட்டத்தில் ‘பசியில்லை’ என்று எழுதி, அவரை வீட்டுக்கு அனுப்பினோம். கீழே நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டோம் என்பதை இந்த அவையில் தலைகுனிந்து ஒப்புகிறோம்.

அன்று நண்பகல் அதைப் படித்த நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹாஸிமைப் பார்த்தீர்கள்.

“தம்பி, அடைச்சுக் கெடக்குன்னாரே, எதுக்குன்னு கேட்டீங்களா? சாப்பாட்டுக்கா, எல்லாத்துக்குமா?”

“கேக்கலை சிஸ்டர்.”

“அப்ப எந்திரிங்க, போய்க் கேப்போம்.”

அன்ஃபூஷி கரையில், பாதி கட்டிய படகுக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்திருந்தார். உளி, வாள், இழைப்புளி எல்லாவற்றையும் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். குளிகையை நம்பிப் பழைய மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். நீங்கள் அதே கேள்வியைக் கேட்டீர்கள். “எல்லாத்துக்கும்தான்க்கா” என்றவர் அதன்பின் அழுகையை அடக்கவில்லை. அவர் கையை நீங்கள் விடவில்லை. மனநல மருத்துவரிடம் சேர்க்கும்வரை விடவேயில்லை. அன்று ஓர் உயிர் மிஞ்சியது, தாயே!

நான்கு மாதம் கழித்துச் சுட்ட மீனோடு வந்து நின்றார். “என் உளியைத் திருப்பிக் கேட்டா ஒரு பயலும் தர மாட்டேங்கிறான்க்கா! கொடுத்தப்ப மட்டும் வாங்கிக்கிட்டானுங்க!” என்று அவர் கத்த, கண் கலங்கச் சிரித்தீர்கள். குளிகை பலித்தது என்று எழுதப் பேனாவை எடுத்த ஹாஸிமைத் தடுத்தீர்கள். “குளிகையா, பழைய மாத்திரையா, நாம நடந்து போனதா, எதுன்னு தெரியாது தம்பி. தெரியாதுன்னே எழுதுங்க.”

உண்மைக்கு இதைவிட உயர்ந்த ஊழியம் ஏது! இன்று எங்கள் படிவத்தின் முதல் வரியே உங்கள் கேள்விதான்.

ஓடிய கால்கள் ஓயும்போது உள்ளமும் ஓய்ந்துவிடக்கூடும் என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் நீங்களே. ஆகவே, உடல்நலமும் உளநலமும் பெற்று நெடுங்காலம் வாழ்க என வாழ்த்திவிட்டு நாங்கள் ஒதுங்கப் போவதில்லை. ஞாயிறுதோறும் காலையில் ஹாஸிம் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். “அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்கேன்” என்று சொல்லி நீங்கள் வைத்துவிட முடியாது. அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
குடல் நுண்ணுயிர் ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்

இம்மடலின் மரச்சட்டம்: மெத்வல்லி, மீட்ட உளியால்.