லோவ்ரே வீட்டுப் பீலி

அய்யா, உங்கள் அறிக்கையில் "பீலி பராமரிப்பில் அலட்சியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கிற தகரப் பீலிகளையும், அவற்றிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாய்களையும் இந்த மேட்டுத்தெருவில் கவனித்துக்கொள்கிறவள் நான்தான். என் பக்கத்து வீட்டுக்காரர் லோவ்ரேயின் பீலியும் அதில் சேர்த்தி. அலட்சியம் என்று எழுதினால் நாளைக்கு மாதா கோயிலில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

நீங்கள் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து கப்பலேறி வந்த சுகாதார அதிகாரி. அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும். எங்கள் தீவில் ஊற்றும் கிடையாது, கிணறும் கிடையாது. கூரையில் விழுகிற மழை பீலி வழியாக இறங்கி முற்றத்துக்கு அடியில் இருக்கிற தொட்டிக்குப் போகும். வருஷம் முழுக்கக் குடிப்பது அதைத்தான். அதனால் கோடை முடிகிறபோது ஏணி போட்டு ஏறி, பைன் சருகு, புழுதி, பறவை எச்சம் எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். அதோடு, குழாயின் அடியில் முழங்கை மாதிரி ஒரு வளைவு இருக்கிறது பாருங்கள், அதைத் தெருப்பக்கம் திருப்பிவிட வேண்டும். முதல் மழை கூரையைக் கழுவிவிட்டுத் தெருவோடு போய்விடும். அதைக் குடிக்கிறவன் பிழைப்பது கஷ்டம். இரண்டாவது மழைக்குத்தான் முழங்கையைத் தொட்டிப் பக்கம் திருப்புவோம்.

தொட்டிக்குள் ஒரு விலாங்கு வளர்ப்போம். முகத்தைச் சுளிக்காதீர்கள். அது புழு பூச்சியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும். லோவ்ரே தன் விலாங்குக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தார். மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத்துணை அதுதான். காலையில் தொட்டி மூடியைத் தூக்கி, "என்னடி சீமாட்டி, இன்னிக்கு என்ன சமைக்கலாம்?" என்பார். அது எங்கே பேசப்போகிறது? மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான், "நேத்து வாங்கின கீரை வாடிப்போச்சு, அதை முதல்ல பாருய்யா" என்பேன்.

சின்ன வயதிலிருந்து பழக்கம் என்பதால் எங்களுக்குள் நீ, வா, போதான். மேட்டுத்தெருவில் மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. அடுப்பெரிவது எங்கள் இரண்டு வீட்டில் மட்டும். சாயங்காலம் சீட்டு விளையாடுவோம். அவர் ஏமாற்றுவார். நான் அவரைவிட நன்றாக ஏமாற்றுவேன்.

அவருடைய மகள் நெவெங்கா ரியேகா நகரத்தில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். லோவ்ரே என்ன செய்தார் தெரியுமா? பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டினார். அவளிடம் தொலைபேசியில், "வரேம்மா, வரேன்" என்பார். என்னிடம், "நான் எங்கே போகப்போறேன்" என்பார். இப்படியே காலம் ஓடியிருந்தால் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்திருக்காது. போன கோடையில் ஒரு செக் நாட்டுத் தம்பதி வந்து வீட்டைப் படம் பிடித்தார்கள். முற்றத்தைக் காலடியால் அளந்தார்கள். நீச்சல்குளம் வெட்டப் போகிறார்களாம். லோவ்ரே அவர்களுக்கு வைன் ஊற்றிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இவரும் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

முதலில் நான் ஒன்றுமே செய்யவில்லை. எல்லார் வீட்டுப் பீலியையும் வழித்தேன், அவர் வீட்டுப் பீலியை விட்டுவிட்டேன். தண்ணீர் கொஞ்சம் நாறினால் வாங்க வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

பிறகு மத்தி மீன் சீசன் வந்தது. என் மொட்டைமாடியும் அவர் கூரையும் ஒட்டி இருக்கின்றன. மீன் ஆயும்போது தலைகளை அந்தப் பக்கம் வீசினேன். கடற்காகங்கள் சுற்றம் சூழ வந்து இறங்கின. தின்ன மீந்தது பீலியில் தங்கியது, அவை போட்டதும் பீலியில் தங்கியது. பறவைகளிடம் அன்பு காட்டச் சொல்லி எங்கள் பங்குச்சாமியே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

தெற்குக் காற்று கிளம்பி முதல் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது லோவ்ரே ஜன்னலிலிருந்து, "பெரினா, முழங்கையைத் திருப்பிட்டியா?" என்று கேட்டார். "திருப்பிட்டேன்யா, நீ உள்ளே போ" என்றேன். திருப்பியது உண்மைதான். தெருவைப் பார்த்து இருந்ததைத் தொட்டியைப் பார்த்துத் திருப்பியிருந்தேன்.

அந்த வாரமே அவர் படுத்துவிட்டார். வாந்தி, பேதி, காய்ச்சல். பெட்டி கட்டி வைத்திருந்த ரியேகா பயணம் நின்றது. நான் என் வீட்டுத் தண்ணீரில் கோழி சூப் வைத்துக் கொண்டுபோய் ஊட்டினேன். தலையணையை உதறிப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் அனாதைப் பொணம், பெரினா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தொட்டியிலிருந்து இறைக்கத் தெம்பில்லாததால் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது என் வேலையாயிற்று. சாதாரண நாளில் என் வீட்டுத் தண்ணீர் வைப்பேன். மகள் தொலைபேசியில் பேசி, இவரும் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டால், அன்றைக்கு அவர் தொட்டித் தண்ணீர் வைப்பேன். கிளம்ப முடியாத அளவுக்குத்தான், அதற்கு மேல் இல்லை. எனக்கு அளவு தெரியும். ஒரு தடவை மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. பங்குச்சாமி வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை நெற்றியில் பூசிவிட்டுப் போனார். ஆனால் பாருங்கள், மறுநாளே எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். என் கவனிப்பு அப்படி.

இடையிடையே, "சீமாட்டி எப்படி இருக்கா?" என்று கேட்பார். "உன்னைவிட நல்லா இருக்கா" என்பேன். உண்மையில் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விலாங்கு என்ன லேசில் சாகிற பிராணியா? சேற்றில் கிடக்கும், ஈரப் புல்லில் ஊர்ந்து போகும். அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

உடம்பு தேறி முற்றத்துக்கு நடந்து வந்த அன்றைக்கு அவர் முதலில் போனது தொட்டிக்குத்தான். மூடியைத் தூக்கினார். நாற்றம் என் சமையலறை வரை வந்தது. வாளியைப் போட்டு இழுத்தார். சீமாட்டி அதில் வெளுத்துப்போய், வயிறு மேலாகக் கிடந்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தொட்டித் திண்டில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினார்.

"அந்த செக் நாட்டுக்காரங்களைக் கோடையிலேயே வேண்டாம்னு அனுப்பிட்டேன், பெரினா. குளம் வெட்டினா என் சீமாட்டியை எங்கே விடுவேன்னு கேட்டேன். சிரிச்சாங்க. சிரிச்சவங்களுக்கு வீடு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லியிருந்தா சீட்டுல ஜெயிச்ச மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவே. ரியேகாவுக்கும் ஒரு வாரம் பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வரத்தான் பெட்டி கட்டினேன்."

கேட்டீர்களா, அய்யா? அவர் போகிறதாகவே இல்லை. போகாத மனுஷனைத்தான் நான் இத்தனை பாடுபட்டுப் பிடித்து வைத்திருந்தேன்.

பிறகு ஏணி கேட்டார். எடுத்து வந்து சாத்தினேன். நடுங்குகிற காலோடு ஏறினார். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவள் நான். நினைத்திருந்தால் கையை எடுத்திருக்கலாம், கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. எனக்குச் சாதகமாக இருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பீலிக்குள் கையை விட்டு வெகு நேரம் துழாவினார். பிறகு வாளி கேட்டார், கொடுத்தேன். நிறைய நிறைய வழித்துப் போட்டார். இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எல்லாம் கத்தியால நறுக்கின தலை, பெரினா. காகம் கத்தி வெச்சுக்காது."

நான் ஏணியைத் தூக்கிப்போய் அதன் இடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலைக் கப்பலில் அவர் மகளிடம் போய்விட்டார். என் வாசலில் அந்த வாளி இருந்தது. பீலியில் இருந்தது அத்தனையும் அதற்குள். என் தக்காளிப் பாத்திக்கு நல்ல உரம் என்று அவருக்குத் தெரியும். கிளம்புகிற அவசரத்திலும் என் தோட்டத்தை மறக்கவில்லை பார்த்தீர்களா? ரியேகா மருத்துவமனையில் துருவித் துருவிக் கேட்டும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அக்கறை இல்லாதவனா அப்படிச் செய்வான்?

ஆகவே, அலட்சியம் என்கிற சொல் வேண்டாம். தெரிந்து, அளந்து, என் கையாலேயே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் வீட்டுத் தொட்டியை இறைத்துச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பீலியில் ஒரு சருகு கிடையாது. நீங்கள் அவரைப் பார்த்தால், கோபம் ஆறியதும் வரச் சொல்லுங்கள். வந்ததும் எத்தனை நாள் தங்குவார் என்று கேட்பேன். முழங்கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.