இருபதாவது அட்டை

பல் வைத்தியப் படிப்பில் எங்களுக்குப் பல் பிடுங்கத்தான் நன்றாகச் சொல்லித் தந்தார்கள். புதிய மருந்துகளைப் பற்றிக் கம்பனிப் பிரதிநிதிகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கொழும்பு வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்குச் செவ்வாய்தோறும் வரும் பிரதிநிதி மஷூர். நேர்மையான மனிதர். அவர்மேல் பிழை இல்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றேழில் வலிக்குப் போடும் ஒரு புதிய குளிசை கொண்டுவந்தார். "இருபது பேருக்குக் குடுத்து, ஆளுக்கொண்டா இந்த அறிக்கை அட்டைகள நிரப்பித் தாங்க டொக்டர். சிங்கப்பூர் மாநாட்டுக்கு உங்கட பேரப் போடுறன். வயித்துல புண் உள்ளவங்களுக்கு மட்டும் குடுத்துடாதீங்க."

நான் லொட்ஜ் ஆட்களைத் தெரிந்தெடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருப்பவர்கள். சோதனைச் சாவடிக்குப் பயந்து தேவையில்லாமல் வெளியில் இறங்கமாட்டார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சண்டைக்கு வரமாட்டார்கள். இதில் என்ன அநியாயம்? குளிசை இலவசம்தானே.

இருபதாவது ஆள் அன்னபாக்கியம். மகன் கனடாவில். ஒரு சனிக்கிழமை அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினேன். செவ்வாய்க்கிழமை மஷூர் அட்டைகளை வாங்க வருவதாக இருந்தது.

"டொக்டர், எனக்கு வயித்தில புண் இருக்கு. இந்தக் குளிசை ஒத்துக்கொள்ளுமோ?"

"ஒண்டும் செய்யாதம்மா. சாப்பிட்டிட்டுப் போடுங்கோ."

எல்லோருக்கும் கொடுப்பதுபோலக் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டு, காலை, இரவு என்று மட்டும் எழுதினேன். மருந்தின் பெயரை நாங்கள் எழுதுவதில்லை. அது வழக்கம்.

திங்கட்கிழமை அவருடைய மகள் சிவமணி அந்த உறையோடு ஓடிவந்தாள். "அம்மா ரத்தமா சத்தி எடுக்கிறா. என்ன குளிசை எண்டு ஆஸ்பத்திரியில கேக்கினம் டொக்டர்."

உறையை என்னிடம் நீட்டினாள். எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆனால் சொன்னால், ஏன் கொடுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"சாதாரண பரசிட்டமோல்தான், பிள்ளை," என்றேன்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அன்னபாக்கியம் அன்று பின்னேரமே இறந்துபோனார்.

மறுநாள் காலை இருபதாவது அட்டையை நிரப்பினேன். அதில் கடைசிக் கேள்வி, நோயாளி ஏதாவது முறைப்பாட்டுடன் திரும்பி வந்தாரா என்பது. இல்லை என்று எழுதினேன். நான் பொய் எழுதுகிறவன் அல்ல. வந்தது மகள்தான்.