விளக்கு வைத்த பிறகு எடுத்த கேமரா

என் பெயர் சேவுகப்பெருமாள், வயது 53, தந்தை பெயர் ஆண்டியப்பன். காரைக்குடி செக்காலையில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். இயற்பியலில் முதுகலைப் பட்டமும் அதற்கு மேல் ஆய்வுப் பட்டமும் பெற்றவன். கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கு இருமுறை நேர்காணலுக்குச் சென்றேன். இருமுறையும் நிர்வாகத்தாரின் உறவினர்களே தேர்வானதால், மேல்நிலை மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி எடுத்துப் பிழைத்து வருகிறேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் ரோகிணி அவர்கள் கூறினார். தொழில் என்ன என்று கேட்டதால் சொன்னேன், எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கழனிவாசலில் வசிக்கும் முத்தழகு என்பவரின் வீட்டிலிருந்து நான் ஒரு பழைய கேமராவைத் திருடிச் சென்றதாக, அவருடைய கொழுந்தன் பாண்டிமுருகன் புகார் கொடுத்துள்ளார். முத்தழகு, காலஞ்சென்ற ஸ்டுடியோ மாயக்கண்ணனின் மனைவி. பாண்டிமுருகன் தேவகோட்டையில் கல்யாண வீடியோ தொழில் செய்பவர். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு. என் தங்கை மகள் கல்யாணத்தில், தாய்மாமனான என்னை மேடையில் வைத்து, "கொஞ்சம் அங்குட்டு ஒதுங்குங்க வாத்தியாரே, பிரேம்ல விழுறீக" என்று சொன்னவர் அவர். அந்த வீடியோவில் நான் எங்கும் இல்லை.

மேற்படி கேமரா மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ளது. 120 என்ற அகலப் பிலிம் ரோல் போட்டால் சதுரமான படம் விழும். பேட்டரி கிடையாது. இந்த வயதில், கையில் செல்போன் இருக்கும்போது, இது எதற்கு என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நான் வைத்தபடி வேலை செய்யும் ஒரு கருவி வேண்டும், படம் கெட்டால் தவறு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று பதில் சொன்னேன். இதுவரை என் வாழ்க்கையில் கெட்டுப்போனவை பெரும்பாலும் மற்றவர்கள் கெடுத்தவை.

ஓராண்டுக்கு மேலாக இப்படி ஒரு கேமராவைத் தேடி வந்தேன். மதுரையில் பார்த்த ஒன்றில் டார்ச் அடித்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாக ஓடியிருந்தது. கானாடுகாத்தானில் ஒரு கடையில் இருந்ததற்கு ஷட்டரே இல்லை. ஓட்டல் வரவேற்பறையில் வைப்பதற்காகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பளபளவென்று படம் அனுப்பி, பார்சலில் வேறொன்றை அனுப்பினார். அதையும் திருப்பி அனுப்பினேன். விட்டுவிடும்படி பலர் சொன்னார்கள். விடவில்லை.

அதன் பிறகு, மாயக்கண்ணனின் கேமராக்கள் வீட்டில் இருப்பதாக என்னிடம் படிக்கும் ஒரு மாணவியின் தகப்பனார் மூலம் அறிந்து, சென்ற வெள்ளிக்கிழமை மாலை முத்தழகு வீட்டுக்குச் சென்றேன். அவர் பீரோவிலிருந்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று தோல் உறைக்குள் புதிது போல இருந்தது. மற்றொன்றில் விளிம்பெல்லாம் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிந்தது, லென்ஸ் வளையத்தின் இடுக்கில் குங்குமம் அப்பியிருந்தது.

"நல்லதா இதைய எடுங்க தம்பி, அது அடிபட்டது" என்று உறையில் இருந்ததைக் காட்டினார்.

நான் இரண்டையும் சோதித்தேன். உறையில் இருந்தது வேகமான ஷட்டரில் ஒழுங்காக அடித்தது, ஒரு விநாடிக்கு வைத்ததும் பாதியில் நின்றுவிட்டது. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தால் உள்ளே எண்ணெய் பிசினாகி இப்படி நிற்கும். தேய்ந்தது ஒரு விநாடிக்கு வைத்தாலும் முழுதாக ஓடி முடித்தது. கணவர் இறந்த பிறகும் இது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சமுன்னா, ஒரு சுத்து சுத்தி ஷட்டரை நாலு தட்டுத் தட்டணும்னு அவுக சொல்லியிருந்தாக. அவுக போனப்பறமும் வருசா வருசம் தட்டுறேன். அந்தப் புதுசை அவுக பொட்டு வைக்கக் கூட விட மாட்டாக" என்றார்.

இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு விலை பேசினோம். அவர் ஒரு தொகை சொன்னார், நான் குறைத்துக் கேட்கவில்லை. ஆனால் பிலிம் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று சொல்லி, சென்னையிலிருந்து வரவழைத்து உடன் கொண்டு சென்றிருந்த ரோலைப் போட்டு, முற்றத்துத் தூணையும் கிணற்றுச் சகடையையும் எடுத்தேன். நேரமாகிறது, விளக்கு வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குவியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாமதம் என்னால் ஏற்பட்டது.

அதன் பிறகு அவர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து நீட்டினார். பேசிய தொகையை அதில் வைத்தேன். தாம்பாளத்தை உள்ளே கொண்டு போகாமல் கையில் ஏந்தியபடியே நின்று, "இதுல என்னைய ஒண்ணு எடுங்க தம்பி. ஊருல இருக்கவுகளை எல்லாம் அவுக இதுல எடுத்தாக. என்னைய எடுத்ததில்ல" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "கேட்டா, வீட்டு ஆளுக்கு எதுக்குப் பிலிமுன்னுருவாக" என்று அவரே சொன்னார்.

வெளிச்சம் குறைந்திருந்ததால் கேமராவை அரிசி மூட்டையின் மேல் வைத்து, ஒரு விநாடிக்கு வைத்து, அசையாமல் நிற்கச் சொன்னேன். தாம்பாளத்தை இறக்கி வைக்கச் சொன்னதற்கு மறுத்து, வெறுங்கையோடு நிற்க மாட்டேன் என்றார். எடுத்தேன். எடுத்து முடித்து நான் ரோலைச் சுற்றிய பிறகும் அவர் அப்படியே நின்றிருந்தார்.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார்.

விடலாம் என்றேன். படத்தை அவர் கையில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னேன்.

அதன் பிறகு அவர் தாம்பாளத்தைச் சாமி அறையில் வைத்து விளக்கேற்றினார். கேமராவைக் கொடுங்கள், கிளம்புகிறேன் என்றேன். "வெளக்கு வச்சாச்சே. வெள்ளிக்கெழமை அதுவுமா வீட்டுச் சாமானைக் கையால தூக்கிக் குடுக்க மாட்டேன். காலையில வாங்க" என்றார். நான் மறுத்துவிட்டேன். நாளை வரச் சொல்லி என்னை அனுப்பியவர்கள் யாரும் மறுநாள் அதே சொல்லைச் சொன்னதில்லை. பணம் வைத்தாயிற்று, பொருள் இல்லாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அதன் பிறகு சிரித்துக்கொண்டே, "நல்ல ஆளு நீங்க. சரி, நான் அங்குட்டுத் திரும்பி வெளக்குக்கு எண்ணெ ஊத்துறேன். நீங்களா எடுத்துக்கிட்டுப் போயிருங்க. நான் குடுத்ததா இருக்காது" என்று சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். சொல்லிக்கொண்டு போகவும் கூடாது என்பதால், நான் பேசாமல் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் பாண்டிமுருகன் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். "என்ன வாத்தியாரே, பொம்பளை சாமி கும்பிடுற நேரம் பாத்துக் கைவரிசையா?" என்றார். விலைக்கு வாங்கினேன் என்றேன். அவர் என் சட்டையைப் பிடித்தபடி உள்ளே பார்த்து, "மதினி, இதைய நீங்க குடுத்தீகளா?" என்று கேட்டார்.

முத்தழகு சாமி அறை வாசலில் எண்ணெய்க் கையோடு நின்று, "நான் கையால குடுக்கல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. விளக்கு முன்னால் நின்று கொடுத்தேன் என்று சொன்னால் கொடுத்ததாகிவிடும். அந்த வீட்டில் பாதி பாண்டிமுருகனுடையது என்பதையும், முத்தழகுவுக்கு அரிசி பாண்டிமுருகனின் வயலிலிருந்து வருகிறது என்பதையும் பின்னர் அறிந்தேன். அதன் பிறகு பாண்டிமுருகன் என்னையும் கேமராவையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். விலை முடிவாகவில்லை, தனக்குத் தோன்றிய பணத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார் என்பது அவர் புகார். கேமரா தற்போது நிலையத்தில் உள்ளது.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, தவறுதலாக எடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. "படிச்சவுக, ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுச்சு. எதுக்கு இழுக்குறீக" என்று பாண்டிமுருகனும் சொன்னார். நேர்காணலில் தேர்வாகாததற்கு ஆட்சேபம் இல்லை என்று ஒருமுறை இதே போல எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுமுறை கொடுக்க மாட்டேன். நான் எதையும் தவறுதலாக எடுக்கவில்லை. பார்த்து, சோதித்து, தெரிந்தே எடுத்தேன்.

வேறு சாட்சியம் உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு. பணமும் வெற்றிலையும் வைத்த தாம்பாளத்தோடு முத்தழகு நிற்கும் படம் அந்த ரோலில் இருக்கிறது. விற்க மனமில்லாதவர் அப்படி நிற்க மாட்டார். பிலிமைக் கழுவினால் என் பக்கம் விளங்கிவிடும் என்று உதவி ஆய்வாளரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சாட்சியமாக வைக்க எனக்குச் சம்மதமில்லை. அந்தப் படத்தைக் கேட்டவர் அவர். முதலில் அவர் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவரை மடக்குவதற்காக அது கொழுந்தன் கைக்கும் வக்கீல் கைக்கும் போவதாக இருந்தால், கழுவாமலே கிடக்கட்டும். ரோல் பாதியில் நிற்பதால் கேமராவின் பின்மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படம் போய்விடும். எனவே யாரும் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேண்டுவது இது ஒன்றுதான். நாளைக் காலை, வெயில் ஏறிய பிறகு, பாண்டிமுருகன் இல்லாத நேரத்தில், முத்தழகுவை வரவழைத்து, கேமராவை அவர் கையில் கொடுத்து, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் எதிரில் நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். அவர் என்னிடம் நீட்டினால் வாங்கிக்கொள்வேன். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால், கொடுக்காததை எடுத்தவன் என்று எழுதுங்கள், அதன் கீழ் கையெழுத்துப் போடுகிறேன்.

இதை எழுதியவர் எனக்குப் படித்துக் காட்டினார். "எடுத்துக்கொண்டு வெளியேறி ஓடினேன்" என்று இருந்ததை "வெளியே வந்தேன்" என்று மாற்றக் கேட்டேன், மாற்றப்பட்டது. மற்றவை நான் சொன்னவை, நடந்தவை, யார் வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னவை.

(ஒப்பம்)
ஆ. சேவுகப்பெருமாள்