தோளுக்கு ஏறிய வாயு

புது டாக்டரின் கிளினிக்கில் நாற்காலிகள் நன்றாகத்தான் இருந்தன, மச்சான். மின்விசிறியும் சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் குறை சொல்கிற ஆள் நான் இல்லை. உங்கள் தங்கை போனில் என்ன சொல்லி உங்களை வரவழைத்தாளோ தெரியாது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் வலது தோளில் வாயு இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய டாக்டர் கண்டுபிடித்தது. ஒரு அழுத்து அழுத்தி, "வாயு பிடிச்சிருக்கு, கையைத் தூக்கி வேலை செய்யாதீங்க" என்றார். மகராசன். அன்றிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது உங்கள் தங்கைதான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன், அதுவும் இடது கையால். இந்த ஏற்பாட்டில் குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

பழையவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வந்திருப்பவர் சின்னப் பிள்ளை. வரலாமா வேண்டாமா என்று மீசையே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. நான் வாயுவின் கதையை ஆதியோடந்தமாகத் தொடங்கினேன். பாதியிலேயே கையைத் தூக்கச் சொன்னார். மரியாதைக்காகத் தூக்கினேன். சுற்றச் சொன்னார், சுற்றினேன்.

"வாயு வயித்துலதான் சார் இருக்கும், தோளுக்கெல்லாம் ஏறாது. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

மாத்திரை இல்லை, ஊசி இல்லை, தடவிக்கொள்ள ஒரு தைலம்கூட இல்லை. வெறுங்கையோடு எழுந்திருக்க வேண்டியதுதான். அதற்குள் உங்கள் தங்கை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அப்போ இவரு தொட்டி கழுவலாமா டாக்டர்?"

"தாராளமா."

எனக்குக் கோபம் வரவில்லை, மச்சான். படித்த பிள்ளைக்கு வாயுவைப் பற்றி இவ்வளவுகூடத் தெரியாமல் இருக்கிறதே என்ற கவலைதான். உங்கள் தங்கை அந்த நல்ல சேதியை நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்தேன். டாக்டரின் ஜீப் நிழலில் நின்றது.

தெரியாதவருக்குத் தெரிந்தவர் எடுத்துக்காட்ட வேண்டாமா? குந்தி உட்கார்ந்து, டயரின் மூடியைத் திருகிக் கழற்றி, வீட்டுச் சாவியின் நுனியால் உள்ளே இருக்கும் ஊசியை அழுத்தினேன். புஸ்ஸென்று வந்தது. இதுதான் தம்பி வாயு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு டயரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறை வைத்தியம் ஆபத்து. மற்ற மூன்றுக்கும் பார்த்தேன். ஜீப்பின் பின்னால் உயரத்தில் ஸ்டெப்னி தொங்கியது. அது பாவம், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது. அதையும் விடவில்லை. வலது கையை நன்றாகத் தூக்கி அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் வாட்ச்மேன் என் காலரைப் பிடித்தார்.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு கைப்பம்பை வரவழைத்தார்.

"நீங்களே அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க சார்."

அடித்தேன். உள்ளே காத்திருந்த நோயாளிகளெல்லாம் வியாதியை மறந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். உங்கள் தங்கை படியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் வலது கை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி டயரும் நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை தொட்டியைக் கழுவிடுங்க, என்ன?"

ஆமாம் மச்சான், காற்றைப் பிடுங்கிவிட்டது நான்தான். ஸ்டெப்னி உட்பட. மறைக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள்தான் உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பம்பு அடித்து முடித்ததும் என் தோள் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. இத்தனை வருடம் அங்கே தங்கியிருந்ததெல்லாம் அந்த டயர்களுக்குள் போய்விட்டது. இல்லாத வாயு எப்படி மச்சான் போகும்?