ஏழு நிமிட வேலை

எங்கள் வீட்டுக் குழாயில் வருவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். குளிக்கலாம், துவைக்கலாம். எஸ்பிரஸோ மெஷினில் ஊற்றினால்தான் தொந்தரவு. உள்ளே இருக்கும் பாய்லரில் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பின்தகட்டைக் கழற்றி, குழாய்களைக் கழற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடம் அதிகம். இதை நீங்கள் ஒப்புக்கொண்டால் மற்றது புரியும்.

கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கிய மெஷின். அதனால் என் மனைவி அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். நான் ஸ்பானரோடு உட்கார்ந்தால் போதும்.

"என்ன, மூத்தாளுக்கு வயித்தக் கழுவியாச்சா? எனக்கு ஒரு காபி கெடைக்குமா, இல்ல அவங்கள்ட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

பாய்லரின் உச்சியில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியே விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பார்த்தேன். கீழே அருமையான ஓட்டை. புனல் வைத்து அமிலத்தை நேராக உள்ளே ஊற்றலாம். அடியில் ஒரு வடிகுழாய் வைத்தேன். உச்சியில், வால்வு இருந்த இடத்தில், ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்கினேன். கழுவி முடிக்க ஏழு நிமிடம்.

மிச்சமான முப்பத்து மூன்று நிமிடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். திரும்பவும் கழுவினேன். மாதம் ஒருமுறை என்றிருந்தது வாரம் ஒருமுறை ஆயிற்று.

நான் இயந்திரவியல் படித்தவன் என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். உண்மை. பாதுகாப்பு வால்வு எதற்கு என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

மனைவியின் தம்பி ஏசி மெக்கானிக். ஒருநாள் வந்தவன் மெஷினை எட்டிப் பார்த்தான்.

"அத்தான், இங்க இருந்த வால்வு எங்க?"

"டிராயர்ல பத்திரமா இருக்கு."

"அப்ப டிராயர் வெடிக்காது. இது?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"வெளையாடாதீங்க அத்தான். நாளைக்கே மாட்டிடுங்க."

சரி என்றேன். வால்வை மாட்டினால் பின்தகட்டைக் கழற்றாமல் அதைத் திரும்ப எடுக்க முடியாது, மறுபடி நாற்பது நிமிடம். மாட்டவில்லை.

அதன் பிறகு வீட்டில் இரண்டு சின்ன மாற்றங்கள். அதுவரை காலைக் காபி என் பொறுப்பு. மறுநாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகவே போட்டாள். இன்னொன்று, மெஷின் சூடாகும்போது நான் சமையலறையில் இருக்கமாட்டேன். சமையலறைக்கு வெளியே உள்ள நடைக்கு வந்து சுவரில் சாய்ந்து நிற்பேன். பழக்கம், அவ்வளவுதான். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

நடந்ததை உங்கள் நிபுணர் விளக்கியிருப்பார். வாராவாரம் கழுவியதில் உப்புச் சில்லு ஒன்று பெயர்ந்து, அழுத்தத்தை அளந்து சூட்டை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழாயில் மாட்டிக்கொண்டது. பாய்லர் கொதிப்பது சுவிட்சுக்குத் தெரியவில்லை. சூடு ஏறிக்கொண்டே போயிற்று. ஆவிக்கு வேறு வழி இல்லை. அந்த ஒரு சில்லைத் தவிர பாய்லரில் துளி உப்பு இல்லை என்பதையும் அவர் சொல்லியிருந்தால் நல்லது. அவ்வளவு சுத்தமான பாய்லரை அவர் பார்த்திருக்கமாட்டார்.

அடக்கம் முடிந்து வந்ததும் மச்சான் நேராகப் போய் டிராயரைத் திறந்தான். உங்கள் மேசையில் இருக்கும் வால்வு அவன் கொண்டுவந்து கொடுத்ததுதான். நல்ல நிலையில் இருக்கிறது, பாருங்கள்.

போல்ட் போட்டது நான். எடுக்கச் சொன்ன பிறகும் எடுக்காதது நான். எழுதிக்கொள்ளுங்கள், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை கடைசியாக என்ன பேசிக்கொண்டீர்கள் என்றும் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினைப் போட்டுவிட்டு, இரண்டு கப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தெனமும் அங்கயே போய் நிக்கறீங்க? உள்ள வந்து ஒக்காருங்களேன்."

"இல்ல, இங்க காத்து நல்லா வருது" என்றேன்.

எங்கள் வீட்டு நடையில் ஜன்னல் கிடையாது.