பன்னிரண்டு மைலுக்குள்

கையால் பின்னிய கையுறையா என்று தெரிய வேண்டுமானால் அதை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நூல் முனைகளை ஒவ்வொன்றாகச் செருகியிருப்பார்கள். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, சார்ஜென்ட், உங்களுடையது இயந்திரப் பின்னல். குறை சொல்லவில்லை. பழக்கதோஷம்.

முப்பத்தொரு வருஷம் கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்தவள் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் நம் பெனாவெல் ஊருக்குக் கிறிஸ்துமஸ் பரிசுப் பட்டியலை ஆரம்பித்தேன். நவம்பரில் நூலக வாசலில் ஒட்டுவேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொருள் பன்னிரண்டு மைலுக்குள் செய்ததாக இருக்க வேண்டும். யார் பெயரைப் போடுகிறோமோ அவர் கையாலேயே செய்திருக்க வேண்டும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒரு பெண் அரை வயிற்றுக் கூலிக்குச் செய்தது நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசாக வந்து உட்காரக் கூடாது. இதில் நான் யாருக்கும் தயவு காட்டியதில்லை. போதகரின் தம்பி கடைத்தேனைத் தன் தேனோடு கலந்தார் என்று அவர் பெயரையே அடித்தேன். அதற்குப் பிறகு சேப்பலில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை.

பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பொருள் வாங்குவேன். பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டி, மாடி அறையில் வைப்பேன். ஒன்பது வருஷப் பரிசுகள் அங்கே இருக்கின்றன. கொடுக்க எனக்கு ஆள் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எப்படியும் நீங்கள் அந்த அறையைத் திறந்து பார்க்கத்தான் போகிறீர்கள்.

மெய்னிர் மரப்பொம்மை செய்பவள். ஆடு, வாத்து, நரி என்று குழந்தைகள் கைக்கு அடக்கமாகச் செதுக்குவாள். அவளுடைய பட்டறை மேட்டுச் சரிவை ஒட்டிய ஒரு கொட்டகை. உள்ளே ஒரு விறகு அடுப்பு. மற்றவர்கள் வீட்டுக்குச் சோதனைக்குப் போனால் வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். இவள் மட்டும் முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்துட்டாங்கய்யா அதிகாரி அம்மா. வாத்தை எடை போடணுமா, என்னைப் போடணுமா?"

"உன்னைப் போட்டா என் தராசு தாங்காது."

"தாங்காட்டிப் போகுது. ஒக்காரு, டீ ஆறுது."

என்னோடு அப்படிப் பேச அவள் ஒருத்திதான். முதலில் வாரம் ஒருமுறை போனேன். பிறகு தினமும், மூன்று மணிக்கு.

டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு நரியின் வாலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "லோவ்ரி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. கார்டிஃப்ல அவ வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் இருக்காம். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் மக கூடப் போயிரலாம்னு இருக்கேன்."

"அங்க போனா உன் பேரு பட்டியல்ல வராது."

சிரித்தாள். "பட்டியல் கெடக்குதுடி. பேத்தி வளர்றதைப் பாக்க வேணாமா? நீயும் வந்து பாரேன்."

"எப்போ?"

"எப்பவாவது."

எப்பவாவது என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அளவெடுத்தே வாழ்ந்தவள் நான்.

அவளுக்கு நெஞ்சு பலவீனம். ஒவ்வொரு குளிர்காலமும் இருமுவாள். இந்த முறை கொஞ்சம் அதிகமாக முடியாமல் போனால் மருத்துவர் பயணம் வேண்டாம் என்பார். மாடி அறையைக் காலி செய்து அவளைக் கூட்டிவந்துவிடலாம். ஆட்டுக்கறி சூப் வைத்துக் கொடுக்கலாம். இதில் தப்பாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளை என்னைவிட நன்றாக யாரும் பார்த்துக்கொள்ள முடியாது.

சரிவின் மேல் நின்றால் கொட்டகைக் கூரை இடுப்பளவுதான். பதினெட்டாம் தேதி மதியம், அவள் சாப்பிடப் போயிருந்தபோது, புகைக்குழாயின் வாயில் பறவை நுழையாதபடி போட்டிருந்த கம்பிக் கூண்டைக் கழற்றிவிட்டுக் கம்பளியை அடைத்தேன். துவைக்காத ஆட்டு ரோமம், லேசில் தீப்பிடிக்காது. உங்கள் ஆட்கள் அதைப் பறவைக் கூடு என்று எழுதியிருக்கிறார்கள். அடுப்பு பொருத்திய டெல்வின் கூண்டு போட மறந்துவிட்டார் என்று அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் நான் வந்தேன். டெல்வின் கூண்டு போட்டிருந்தார், ஒழுங்காகவே போட்டிருந்தார். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் போடுவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

சுவரில் ஏன் அபாயக் கருவி இல்லை என்று கேட்டீர்களாம். இருந்தது. விஷப்புகை வந்தால் கத்துகிற சின்ன வெள்ளைப் பெட்டி. போன வருஷம் அதை நான்தான் எடுக்கச் சொன்னேன். யார் செய்தது, எந்த ஊரில், என்ன கூலிக்கு என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "இது என்ன பொம்மையாடி, உசுரைக் காக்குறது" என்றாள். நான் விடவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து போகிற பட்டறையில் அப்படி ஒரு பொருள் தொங்கினால் பட்டியலுக்கு மரியாதை இல்லை என்றேன். என்னைச் சமாதானப்படுத்தக் கழற்றி இழுப்பறையில் போட்டாள். அது கொள்கைக்காகச் செய்தது. இதையும் அதையும் சேர்த்து எழுத வேண்டாம்.

அன்று வழக்கத்தைவிட முன்னதாக, இரண்டரைக்கே போய்விட்டேன். மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். குளிருக்காகக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தாள். தலை மேசைமேல் சாய்ந்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கதவு பூட்டியிருக்கவில்லை.

அப்போதே திறந்திருந்தால் காற்று பட்டு எழுந்திருப்பாள். இரண்டு நாள் தலைவலி, அவ்வளவுதான். ஜனவரியில் லோவ்ரி கார் கொண்டுவந்தால் ஏறிப் போய்விடுவாள். வசந்தம் வரையாவது படுக்கையில் கிடக்க வேண்டுமானால் இன்னும் அரை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்கிட்டேன். அளவில் நான் தவறியது அந்த ஒருமுறைதான்.

ஜன்னலுக்குக் கீழே விறகுக்கட்டை ஒன்று கிடந்தது. அவள் முகம் தெரிகிற மாதிரி அதில் உட்கார்ந்தேன். மாடி அறைக்கு என்ன திரை போடலாம் என்று அவளிடம் கேட்டேன், கண்ணாடி வழியாகத்தான். பச்சை அவளுக்குப் பிடிக்கும். ஒருமுறை அவள் கையைத் தூக்கினாள். நானும் கையசைத்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்ததுபோல் இருந்தது. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். அதற்குள் தோள்கள் நின்றிருந்தன.

புகைக்குழாயை அடைத்தது நான். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். லோவ்ரி இதைப் படிப்பாள் அல்லவா? உங்கள் அறிக்கையில், அவள் அம்மா தனியாக இருந்தபோது இறந்தாள் என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், சார்ஜென்ட். நான் கூடவேதான் இருந்தேன்.