சவரியம்மாள் பெயரில் இருநூற்றுப் பதினோரு பற்றுகள்

பெயர் ஆத்மநாதன், வயது 64, தகப்பனார் பெயர் வைரக்கண்ணு, கதவு எண் 3/118, மேற்குத் தெரு, கீரமங்கலம், ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று 25-ஆம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் சுடர்விழி அவர்கள் முன்னிலையில் சொல்லிக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என் மனைவி மீனம்மாள் இறந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வங்கி, கரண்ட் பில், கேஸ் எல்லாம் அவள்தான் பார்த்து வந்தாள். ஒரே மகள் இளமதி கணவரோடு சார்ஜாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். எனக்கு இரண்டு வங்கிக் கணக்குகள் உண்டு. ஒன்றில் பென்ஷன் வருகிறது. இன்னொன்று சின்னக் கணக்கு, அதில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை. போனில் பணம் அனுப்பும் ஆப்பைச் சின்னக் கணக்கோடு மட்டும் சேர்த்துக் கொடு என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எவனாவது திருடினாலும் ஐயாயிரத்தோடு போய்விடுவான் என்பது என் கணக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமையும் இருந்தது, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு என் பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுவிட்டது. அதன் பிறகு மகள் ஒரு புதுப் போன் வாங்கி அனுப்பினாள். அவள் வீடியோ காலில் சொல்லச் சொல்ல நானே அந்த ஆப்பை ஏற்றினேன். இரண்டு கணக்குக்கும் ஒரே ரகசிய எண்தான் வைத்திருக்கிறேன். பணம் முன்போலவே சின்னக் கணக்கிலிருந்து போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு, பூ மார்க்கெட்டை ஒட்டி இருக்கும் இட்லிக்கடையில் சாப்பிடுவது என் வழக்கம். கடையை நடத்தும் அம்மாளை எல்லோரும் ஆவூரக்கா என்பார்கள். வாக்கப்பட்டு வந்த பெண்களை அவர்கள் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவியையும் கடைசி வரை கீரனூராள் என்றுதான் தெருவில் சொன்னார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அவர் கணவர் நாகராசு திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார்.

நான் படிக்கும் கண்ணாடியை வெளியே எடுத்துப் போவதில்லை. ஆகவே சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள், "போனக் குடுங்க சார், நான் அமுக்கித் தாரேன்" என்று வாங்கி, அட்டையில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைப் படம் பிடித்து, தொகையையும் போட்டுக் கொடுப்பார். நான் ஆறு எண்களை மட்டும் தட்டுவேன். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள், "நேத்து ஏன் சார் வரலை, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார். அதைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை வேண்டுமென்று போகாமல் இருந்திருக்கிறேன். வழக்குக்கு இது சம்பந்தமில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார்கள். சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லி எழுதச் சொன்னேன்.

இம்மாதம் 9-ஆம் தேதி நான் கருவூலத்துக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் பென்ஷன்காரர்கள் கொடுக்கும் சான்றைக் கொடுத்தேன். அங்கே வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு பென்ஷன் வங்கிக்குப் போய் எட்டு மாத ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்கினேன். வாங்கியதற்கு விசேஷக் காரணம் எதுவும் இல்லை, அன்று மதியம் போவதற்கு வேறு இடம் இல்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தேன். போன் வழியாக ஒரு பைசாகூடப் போகக்கூடாத அந்தக் கணக்கிலிருந்து 40, 45, 50 என்று சவரியம்மாள் என்ற பெயருக்குப் பணம் போயிருந்தது. எந்த நேரத்தில் போனது என்று அதில் இல்லை, தேதி மட்டும் இருந்தது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டு எண்ணினேன். இருநூற்றுப் பதினோரு தடவை, மொத்தம் 9,665 ரூபாய். திருடர்கள் முதலில் சில்லறையாக எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தமாக வழித்துவிடுவார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். மகளுக்குப் போன் செய்தேன். அவள் வேலையில் இருந்தாள். "தெரியாத பேரா இருந்தா ஒடனே 1930-க்கு அடிங்கப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் பண மோசடிப் புகாருக்கென்று இருக்கும் அந்த எண்ணுக்குச் சொல்லி, 11-ஆம் தேதி இந்த நிலையத்துக்கு வந்து எழுத்து மூலமாகவும் புகார் கொடுத்தேன்.

14-ஆம் தேதி காலை போனபோது இட்லிக்கடை திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. நான் பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடைத்த கடையின் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். நாலாவது நாள், பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ராக்கன் என்பவர் என்னிடம், "ஆவூரக்கா அக்கவுண்ட முடக்கிப்புட்டாங்க சார். எவனோ ஒருத்தன் போலீசுல எழுதிக் குடுத்துட்டானாம்" என்றார். அந்தக் கணக்கில் கடை வியாபாரப் பணம் பதினெட்டாயிரத்துச் சொச்சம் நின்றுவிட்டதாகவும், அரிசி உளுந்து வாங்கக் கையில் காசு இல்லை என்றும், குழுக் கடன் தவணைக்குத் தோட்டைக் கழற்றி அடகு வைத்துவிட்டதாகவும் சொன்னார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று நான் அவரிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதன் பிறகும் கடை திறக்கவில்லை. நேற்று 24-ஆம் தேதி மாலை நான் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை, கணக்கை விடுவிக்கச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தாளை மடித்து ஓரம் விட்டு, அனுப்புநர் என்று எழுதி, பெயர் என்ன என்று கேட்டேன். "எம் பேரா? சவரியம்மாள்னு போடுங்க சார். ஆவூருக் கோயில்ல வச்ச பேரு. இங்கிட்டு வந்தப்புறம் யாரு அதச் சொல்லிக் கூப்புட்டா?" என்றார்.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் என்று பிறத்தியார் பெயரைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். எனக்குத் தினமும் சோறு போட்டவர் பெயரைக் கேட்டதில்லை. அந்தப் பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். அதன் பிறகு அவர், வங்கியில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை முந்தானையிலிருந்து அவிழ்த்து, "புகார் குடுத்தவன் ஆத்மநாதனாம் சார், எந்த ஊருக்காரனோ. அவன் வீட்டுல அடுப்பெரியாமப் போக" என்றார்.

என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மகளுக்கு நான் அப்பா. ஊருக்கு ஆபீஸ் சார். என் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. அது நான்தான் என்பதையும், என் வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. பயமாக இருந்தது. எதிர்மனுதாரர் ஆத்மநாதன் என்று என் கையாலேயே எழுதி மனுவை முடித்துக் கொடுத்தேன். அவர், "மூஞ்சி வாடிக் கெடக்கே சார், சாப்ட்டீங்களா?" என்று கேட்டு, வீட்டில் இருந்த மாவில் மூன்று தோசை ஊற்றிக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் போனைத் திறந்து பார்த்தேன். ஆப்பில் என் இரண்டு கணக்குகளும் இருந்தன. பென்ஷன் கணக்கு மேலே இருந்தது. புதுப் போனில் ஏற்றிய நாளிலிருந்து இட்லிக்காசு அதிலிருந்துதான் போயிருக்கிறது, சின்னக் கணக்கில் போட்ட பணம் அப்படியே கிடக்கிறது. திருட்டு எதுவும் நடக்கவில்லை. நான் சாப்பிட்டதற்குக் கொடுத்த காசைத்தான் திருட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை ஏழு மணிக்கு மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். ஆத்மநாதன் என்பது நான்தான் என்று சொன்னேன், ஸ்டேட்மெண்ட்டையும் காட்டினேன். அவர் கையில் இருந்த குண்டானை விளக்கி முடித்துக் கவிழ்த்தார். அதன் பிறகு, "எட்டு மாசமா ஒங்க போன வாங்கி நாந்தான சார் அமுக்கிக் குடுத்தேன்? எம் பேரு என்னான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல" என்றார். அவர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் நின்று பார்த்தேன், திறக்கவில்லை. அதன் பிறகு பஸ் ஏறி இங்கே வந்தேன்.

புகாரை முடித்துக்கொள்வதாகவும், கணக்கை விடுவிக்க இன்றே வங்கிக்குக் கடிதம் போகும் என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார்கள். 11-ஆம் தேதி நான் கொடுத்த புகாரில் "சவரியம்மாள் என்ற முன்பின் தெரியாத நபர்" என்று எழுதியிருக்கிறேன், அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். பதிவான புகாரில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க முடியாது என்றார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான். பதிவான பத்திரத்தில் தப்பு இருந்தால் அழிக்கக் கூடாது, பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று எழுதிச் சேர்க்க வேண்டும், நானே நூற்றுக்கணக்கில் பதிந்திருக்கிறேன். ஆகவே இந்த வாக்குமூலத்தை அந்தப் புகாருக்குப் பிழைதிருத்தலாகச் சேர்த்து, முன்பின் தெரியாத நபர் என்று வரும் இடத்தில், "நான் சாப்பிட்டேனா என்று தினமும் கேட்கிற ஒரே ஆள்" என்று திருத்தி வாசிக்கவும்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கண்ணாடி கொண்டு வந்திருந்ததால் நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். கூட்டவும் குறைக்கவும் இதில் ஒன்றும் இல்லை, எல்லாம் நடந்ததுதான்.

ஒப்பம்,
வை. ஆத்மநாதன்